வெறும் வாயுதான்

டைல்ஸ் மேஸ்திரிக்கு முழங்கால் வலி வந்தது நாற்பத்தைந்து வயதில். வயிற்றுவலி வந்தது அதற்கு ஏழு வருடம் கழித்து. முதல் வலிக்குப் போட்ட மாத்திரைக்கும் இரண்டாவது வலிக்கும் உறவு உண்டு என்பது, கட்டி முடியாத ஒரு நூலகத்தின் இரண்டாம் மாடியில், தான் பதித்த தரையிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

முப்பது வருடமாக முட்டி போட்டுப் பிழைத்த மனிதர். பசையைப் பல் வைத்த கரண்டியால் இழுப்பார், டைல்ஸை இறக்குவார், ரப்பர் சுத்தியலால் நாலு மூலையிலும் தட்டுவார், ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். குமிழி நடுக்கோட்டில் நிற்காவிட்டால், கட்டடக்காரர் "போதும் விடுங்க மேஸ்திரி" என்றாலும் விடமாட்டார். பெயர்த்தெடுத்து மறுபடி முதலிலிருந்து. அந்தப் பிடிவாதத்தையெல்லாம் முழங்கால்கள் சுமந்தன. மருந்துக்கடைக்காரர் ஒரு வலி மாத்திரையைக் கொடுத்தார். அது சொன்னபடி கேட்டது. காலையில் வெறும் தேநீரோடு ஒன்று, மதியம் ஒன்று. வலி கூடிய நாட்களில் மூன்றாவதும் உண்டு. போகப்போக, இவர் வாயைத் திறக்கும் முன்பே அட்டை கண்ணாடி மேஜைமேல் வந்து விழும்.

வயிற்றில் அது எரிச்சலாகத்தான் ஆரம்பித்தது. விலா எலும்புகள் கூடுகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, தீக்குச்சியைக் கிழித்து வைத்தது போல. பசி நேரத்தில் கூடும். எதையாவது தின்றால் கொஞ்ச நேரம் அடங்கி, பிறகு வட்டியோடு திரும்பும். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். புளித்த ஏப்பம் வரும்.

இதில் எதுவும் அவருக்குப் புதிதல்ல. இதே வார்த்தைகளை அவர் முன்பே ஒரு வாயிலிருந்து கேட்டிருந்தார். "நாலு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குதுங்க" என்று அவர் மனைவி சொல்லும்போது, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே அவர் பதில் சொல்லியிருந்தார்.

"வெறும் வாயுதான். நேரத்துக்குச் சாப்பிடு."

அவள் நகல் எடுக்கும் கடையில் வேலை பார்த்தவள். எட்டு மணி நேரம் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பாள். நிற்கிறவளுக்கு நேரத்துக்கு ஏது சாப்பாடு? பதினான்கு மாதம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், அவர் வாயுவுக்கான ரோஸ் நிற மருந்தை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கண்டுபிடித்தபோது இரைப்பையைத் தாண்டி ஈரலுக்குப் போயிருந்தது புற்று. அதற்குப் பிறகு ஐந்து மாதம். அவ்வளவுதான். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது.

மிச்சம் இருந்தது அவரும் மகளும். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. மகளுக்கு இருபத்து நான்கு வயது, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடியைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்து, உள்ளே பொருத்தி, கம்பியை வளைத்துக் காதுக்குச் சரி பார்த்துக் கொடுப்பாள். அப்பாவைப் போலவே வேலையில் கறார். வீட்டில் இருவரும் தண்ணீர் வந்ததா, மின்கட்டணம் கட்டியாச்சா என்பதைப் பேசிக்கொள்வார்கள். அம்மாவைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் யாரும் போவதில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் தன் வயிற்றுவலியை அவர் மூடி மறைத்தார். தட்டில் பாதி மிச்சம் வைத்தால், "சைட்லயே சாப்பிட்டுட்டேம்மா" என்பார். சைட்டில் கேட்டால், "காலையில வீட்ல கொஞ்சம் அதிகமாயிடுச்சு" என்பார்.

சைட்டில் இருந்த பாலிஷ்காரரை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. இவர் பதித்து முடித்த தரையில் இயந்திரத்தை ஓட்டி மெருகு போடுகிறவர் அவர். பத்து வருடமாக இவர் முன்னால் போக, அவர் பின்னால் வருவார். வாய் ஓயாத மனிதர். மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றபோதெல்லாம் பார்த்திருக்கிறார்.

"யார் மேலண்ணே இவ்வளவு வயித்தெரிச்சல்? அந்த மொசைக் பார்ட்டிக்குப் பெரிய கான்ட்ராக்ட் கெடைச்சதுலேர்ந்து பாக்கறேன்."

"உன் வாய் மேலதான்."

"சிரிப்பு இருக்கட்டும். டாக்டரைப் பாருங்க."

"பாக்கலாம், பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' இரண்டு வருடம் ஓடியது.

நூலகத்து வேலை அவசர வேலை. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. மூன்றடிக்கு மூன்றடி டைல்ஸ், ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம். மேஸ்திரி தினமும் மூன்று மாத்திரைக்குப் போனார். ஒரு திங்கட்கிழமை கழிப்பறையில் மலம் தாரைப் போலக் கறுத்துப் போயிருந்தது. பார்த்தார். பார்க்காதவர் போலத் தண்ணீரை ஊற்றினார். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை படியேறும்போது இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். பதினோரு மணி இருக்கும், ஒரு டைல்ஸை இறக்கிவிட்டுச் சுத்தியலை எடுக்கப் போனவருக்குக் கண்ணுக்குள் திரை விழுந்தது. பக்கத்து அறையில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே பாலிஷ்காரருக்கு எப்படித்தான் கேட்டதோ, ஓடி வந்தார். மேஸ்திரி ஈரப் பசையில் கன்னத்தை வைத்துக் கிடந்தார். முகம் சுண்ணாம்பு வெள்ளை.

மகள் மருத்துவமனைக்கு வந்தபோது கையில் கண்ணாடி துடைக்கிற துணி அப்படியே இருந்தது. போன் வந்ததும் போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கிறாள். அவசரப் பிரிவில் அப்பாவின் ஒரு கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது, இன்னொரு கையில் ரத்தம். தாடையில் பசை காய்ந்து ஒட்டியிருந்தது.

அவள் அழவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எத்தனை நாளாப்பா?"

"ரெண்டு வாரமா இருக்கும்."

பாலிஷ்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பொறுக்க மாட்டாமல், "ரெண்டு வருஷம்மா" என்றார். "அண்ணே, மன்னிச்சிருங்க. இதுக்கு மேல என்னால முடியாது."

மகள் திரும்பி வெளியே போனாள். பத்து நிமிடம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, குழாய் விட்டுப் பார்ப்பதற்கான சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாள். இதே போன்ற தாளில் அவள் முன்பும் ஒருமுறை கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்பது மேஸ்திரிக்கு நினைவு வந்தது.

தொண்டை மரத்துப்போக மருந்து அடித்தார்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பற்களுக்கு நடுவே ஒரு வளையத்தை வைத்தார்கள். தூங்க ஊசி போட்டார்கள், ஆனாலும் அவர் முழுக்கத் தூங்கவில்லை. எங்கோ தூரத்தில் தன் உடம்புக்குள் யாரோ விளக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பது தெரிந்தது. 'என்ன இருக்கிறதோ அதுவே இருக்கட்டும்' என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பில் பயம் இருந்தது. பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதை அவர் அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் டாக்டரம்மா வார்டுக்கு வந்து கட்டிலுக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாற்பது வயதுக்காரர். நின்றுகொண்டு பேசாத டாக்டரை மேஸ்திரி அன்றுதான் பார்த்தார்.

"உங்க இரைப்பைக்கு உள்பக்கம் வழவழன்னு ஒரு சவ்வு இருக்கு. சாப்பாட்டைக் கரைக்க வயிறு ஒரு அமிலம் சுரக்குதில்ல, அந்த அமிலம் வயித்தையே கரைச்சிடாம காப்பாத்தறது அந்தச் சவ்வுதான். உங்களுக்கு அது வீங்கிச் சிவந்து கிடக்கு. இரைப்பை அழற்சின்னு சொல்வோம். மூணு இடத்துல அரிச்சு ரத்தம் கசிஞ்சிருக்கு. கறுப்பாப் போனதே, அது ரத்தம்தான்."

"எதனால?" மகள் கேட்டாள்.

"அப்பா என்ன மாத்திரை போடறாங்க?"

மேஸ்திரி பெயரைச் சொன்னார். எத்தனை என்பதையும் எத்தனை வருடமாக என்பதையும் சொல்லும்போது குரல் இறங்கியது. டாக்டரம்மா திட்டவில்லை. "அது மூட்டு வலியைக் குறைக்கும். கூடவே, அந்தச் சவ்வைப் புதுப்பிக்கிற வேலையையும் நிறுத்திடும். அதுவும் வெறும் வயித்துல, ஒன்பது வருஷம்…" என்று நிறுத்தினார். "இனிமே அது ஒண்ணுகூடக் கூடாது. மூட்டுக்கு வேற வழி பாக்கலாம். சதையைக் கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கோம். ஒரு வாரம் ஆகும்."

'சதையைக் கிள்ளி' என்றதும் அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை காலையில், சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை சாப்பாடு. காரம், எண்ணெய், காபி, புகை, மது எதுவும் வேண்டாம். மேஸ்திரிக்குப் புகையும் மதுவும் எப்போதும் கிடையாது, தேநீர்தான் போதை. அதையும் குறைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் படுத்திருந்தார். மகள் வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தாள். வேலைப் பையிலிருந்து நான்கு அட்டை. மழைக்கோட்டுப் பையிலிருந்து இரண்டு. முட்டிக்குக் கட்டும் பஞ்சுப் பட்டைக்குள் ஒன்று. அலமாரித் தட்டில் துணிக்கு அடியில் இன்னும் நான்கு. எல்லாவற்றையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பிவிட்டு, அவரை எழுப்பி உட்காரச் சொன்னாள்.

"பதினோரு அட்டை."

"தூக்கிப் போட்டுரும்மா."

"போடத்தான் போறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்." அவள் நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மாவுக்கு என்னென்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். அதே உங்களுக்கு வந்துச்சு. ரெண்டு வருஷம். அம்மாவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லிக்கிட்டீங்களா, வெறும் வாயுன்னு?"

மூன்று வருடத்தில் அந்த வீட்டில் 'அம்மா' என்ற சொல் அப்படிச் சத்தமாக விழுந்தது அதுவே முதல் முறை. மேஸ்திரி மேஜைமேல் இருந்த அட்டைகளை ஒன்றோடொன்று விளிம்பு பொருந்தும்படி நகர்த்தினார். கை தானாகச் செய்தது. பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"இல்ல," என்றார். "வாயுன்னு நினைக்கல."

"பின்ன?"

"அதேதான்னு நினைச்சேன். மொத நாளே நினைச்சேன்."

"அப்புறம் ஏம்ப்பா போகல?"

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள்.

"பதினாலு மாசம் உங்கம்மா என்கிட்டதான் சொன்னா. வேற யார்கிட்ட சொல்லுவா? நான் பேப்பர் படிச்சேன். எனக்கும் அதுவே வரட்டும்னு… வந்தா சரிதான்னு தோணிச்சு. எனக்கு மட்டும் எதுக்கு டாக்டர்?"

மகள் நாற்காலியை இழுத்தாள். உட்கார்ந்தாள். அவள் கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். கத்தினால் நன்றாக இருக்கும் போல இருந்தது.

"உங்ககிட்ட மட்டும் சொல்லல," என்றாள் கடைசியில்.

"என்னம்மா?"

"அம்மா. என்கிட்டயும் சொன்னாங்க. ஒரு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரிக்குப் போகணும், கூட வர்றியான்னு கேட்டாங்க. தனியாப் போக பயமா இருக்குன்னாங்க. அன்னைக்குக் கண்ணாடிக் கடையில எனக்கு இன்டர்வியூ. அடுத்த வாரம் போலாம்மான்னு சொன்னேன். அடுத்த வாரம் அவங்க கேக்கல. நானும் கேக்கல." அவள் அட்டைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அந்த வேலையிலதான் இன்னும் இருக்கேன். தினமும் போறேன்."

மேஸ்திரி எழுந்து மேஜையைச் சுற்றி அவள் பக்கம் வந்தார். முழங்கால் வலித்தது. மாத்திரை இல்லாத முழங்கால். அவள் தலையில் கையை வைத்தார். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது செய்தது. எப்போது நிறுத்தினார் என்று அவருக்கு நினைவில்லை. அவள் அவர் சட்டையில் முகத்தை வைத்து அழுதாள். "மெதுவா சாய்ஞ்சுக்கோ, அங்கதான் புண்ணு" என்று அவர் சொல்ல, அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

அட்டைகளைக் கத்தரியால் வெட்டி, மாத்திரைகளைப் பிதுக்கி ஒரு பழைய பையில் கட்டி, மருந்துக்கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை முடிவு வந்தது. இருவரும் டாக்டரம்மாவின் அறைக்குப் போனார்கள். மகளின் கைப்பையில் ஒரு தடித்த கோப்பு இருந்தது. எதற்கு என்று மேஸ்திரி கேட்கவில்லை.

"புற்றுநோய் இல்ல," என்றார் டாக்டரம்மா முதல் வார்த்தையாக. இவர்கள் முகத்தைப் படித்திருக்க வேண்டும்.

வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது என்று சொல்வார்களே, மகளுக்கு அப்படித்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். மேஸ்திரிக்கு அப்படி இல்லை. தீர்ப்புக்குத் தயாராக நின்றவனிடம் வழக்கே இல்லை போ என்றது போல, எங்கே கையை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஆனா இன்னொண்ணு இருக்கு. மாத்திரை மட்டும் காரணம் இல்ல. உங்க இரைப்பையில ஒரு கிருமி இருக்கு. அமிலத்துக்குள்ளயே உயிரோட இருக்கிற கிருமி. பெரும்பாலும் சின்ன வயசுலயே வந்துடும், வருஷக்கணக்கா சத்தமில்லாம இருக்கும். சவ்வைக் கொஞ்சம் கொஞ்சமா புண்ணாக்கும். ரெண்டு வாரம் மருந்து சாப்பிட்டா பெரும்பாலும் போயிடும். ஒரே வீட்ல ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்குப் போகலாம். அதனால மகளுக்கும் பரிசோதனை பண்ணணும்."

"அது… அதுதான் புற்றுநோயா மாறுமா?" என்று மகள் கேட்டாள்.

"இருக்கிறவங்கள்ல ரொம்பப் பேருக்கு மாறாது. சிலருக்கு, ரொம்ப வருஷம் கழிச்சு, வழி பண்ணிக் கொடுக்கும். அதனாலதான் கண்டுபிடிச்சா விடறதில்ல."

மகள் கோப்பைத் திறந்தாள். அம்மாவின் கோப்பு. மூன்று வருடமாக அது வீட்டில் எங்கே இருந்தது என்பதே மேஸ்திரிக்குத் தெரியாது. முதல் பரிசோதனை அறிக்கையை எடுத்து மேஜையில் வைத்தாள். டாக்டரம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். அது வழுக்கிக்கொண்டே இருந்தது. இரண்டாம் பக்கத்தில் கீழிருந்து மூன்றாவது வரியில் அவர் விரல் நின்றது.

"இருந்திருக்கு," என்றார் மெதுவாக. "எழுதியிருக்காங்க. அதுக்குள்ள பெரிய விஷயம் முன்னாடி வந்துட்டதால, யாரும் உங்ககிட்ட இதைப் பத்திப் பேசியிருக்க மாட்டாங்க."

மேஸ்திரி அந்த வரியைப் பார்த்தார். ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. அவ சொன்ன அன்னைக்கே நான் கூட்டிட்டு வந்திருந்தா?"

இந்தக் கேள்விக்கு ஆறுதல் சொல்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. 'விதிங்க', 'உங்க மேல தப்பில்ல' என்று சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். டாக்டரம்மா கோப்பை மூடி, இரண்டு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டார்.

"சீக்கிரம் வந்திருந்தா சீக்கிரம் பாத்திருப்போம். பொழைச்சிருப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது. பொழைச்சிருக்க மாட்டாங்கன்னும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியலங்க."

மேஸ்திரி தலையை ஆட்டினார். கைகூப்பினார். எழுந்திருக்கும்போது மகள் டாக்டரம்மாவிடம், "உங்க கண்ணாடியைக் கொஞ்சம் குடுங்களேன்" என்று வாங்கி, பையிலிருந்த சின்னத் திருப்புளியால் இரண்டு பக்கத்துத் திருகையும் இறுக்கிக் கொடுத்தாள்.

வெளியே தாழ்வாரத்தில் நீளமான பெஞ்சு ஒன்று இருந்தது. அதில் போய் உட்கார்ந்தார்கள். மருந்து வாங்கும் வரிசை அவர்கள் முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

"நீ ஏற்கெனவே படிச்சிருந்தியா அதை?" என்று கேட்டார்.

"நேத்துதான் தேடிப் பாத்தேன். உங்களுக்குக் கிருமி சோதனையும் பண்றாங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. அதனாலதான்."

"தெரியலன்னு சொல்லிட்டாங்க."

"ஆமாப்பா."

"தெரியலங்கறதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"மொதல்ல என் பரிசோதனைக்குச் சீட்டு வாங்கணும்," என்றாள். "வரிசை பெரிசாகுது."

"நீ உக்காரு. நான் நிக்கறேன்," என்று அவர் எழுந்து போய் நின்றார். முக்கால் மணி நேரம் ஆனது. இடையில் இரண்டு முறை அவள் வந்து மாற்றிக்கொள்ளச் சொன்னாள். அவர் விடவில்லை.

மகளுக்கும் கிருமி இருந்தது. அவளுக்கு வலி ஒன்றும் கிடையாது. எப்போதாவது நெஞ்சுக்கரிப்பு, அதை அவள் கடைக்குப் பக்கத்து உணவகத்தின் தலையில் போட்டிருந்தாள். இருவரும் ஒரே நாளில் மருந்தை ஆரம்பித்தார்கள். காலையில் ஒரு கைப்பிடி, மாலையில் ஒரு கைப்பிடி. ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று எச்சரித்திருந்தார்கள். வாயெல்லாம் செப்புக்காசைச் சப்பியது போல ஒரு ருசி. ரொட்டி தின்றாலும் அந்த ருசி, தண்ணீர் குடித்தாலும் அந்த ருசி. நேரத்தை எழுதி மகள் கதவில் ஒட்டினாள். பாலிஷ்காரர் தினமும் மாலையில் வந்து அதைப் பார்த்துவிட்டு, "அரசாங்க ஆபீஸ் தோத்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார். முதல் நாள் குளிர்ந்த பாலைப் பெரிய பாத்திரத்தில் வாங்கி வந்து, வயிற்றுப் புண்ணுக்கு இதுதான் மருந்து என்று சத்தியம் செய்தார். அது கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அப்புறம் அமிலத்தைக் கூட்டிவிடும் என்று டாக்டரம்மா சொன்னதை மகள் எடுத்துச் சொன்னாள். மனிதர் முகம் வாடிப்போய், முழுப் பாலையும் தானே குடித்துவிட்டுப் போனார்.

மேஸ்திரியின் முழங்கால்தான் படுத்தியது. வேறு ஒரு சாதுவான மாத்திரை கொடுத்திருந்தார்கள். பழையதன் வேகம் அதற்கு இல்லை. வெந்நீர் ஒத்தடம், காலை நீட்டி மடக்கும் பயிற்சி, எடைக் குறைப்பு என்று ஒரு பட்டியல். மூன்றாம் வாரம் வேலைக்குத் திரும்பியபோது கட்டடக்காரரிடம் நேரே போய், "இனி தரை என்னால ஆகாது. சுவர் டைல்ஸ் குடுங்க, நின்னுக்கிட்டுப் பதிக்கறேன்" என்றார். முப்பது வருடத்துத் தரை வேலைக்காரர் அதைச் சொல்ல எவ்வளவு விழுங்க வேண்டியிருந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். கட்டடக்காரர் கழிப்பறைச் சுவர்களைக் கொடுத்தார். பத்தரை மணிக்கும் நான்கு மணிக்கும் கரண்டியை வைத்துவிட்டு, ரொட்டியும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு மேஸ்திரி ஜன்னலோரம் உட்காருவார். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

மருந்து முடிந்து ஒன்றரை மாதம் கழித்து இருவரும் மூச்சை ஊதிக் காட்டும் பரிசோதனைக்குப் போனார்கள். அவருக்குக் கிருமி போயிருந்தது. மகளுக்குப் போகவில்லை.

"சில பேருக்கு முதல் சுற்றுல போகாது," என்றார் டாக்டரம்மா. "வேற மருந்து, இன்னும் ரெண்டு வாரம்."

இரண்டாவது சுற்று அவளைப் புரட்டிப் போட்டது. குமட்டல், தலைச்சுற்றல். கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டாள். நான்காம் நாள், "எனக்கு ஒண்ணுமே வலிக்கல, எதுக்குப்பா இது?" என்று மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். அவர் தண்ணீர் டம்ளரை நீட்டியபடி நின்றார். அவளே வாங்கிப் போட்டுக்கொண்டாள். அந்த இரண்டு வாரமும் மதியத்தில் அவர் வேலையிலிருந்து வந்து, உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, உப்பு மட்டும் போட்டு அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். சாப்பிடும்போது அம்மாவைப் பற்றி அவள் கேட்பாள். நகல் கடையில் சேர்வதற்கு முன்பு என்ன செய்தாள், கோபம் வந்தால் என்ன செய்வாள், இருவரும் முதலில் எங்கே பார்த்துக்கொண்டார்கள். அவருக்குத் தெரிந்ததைச் சொல்வார். சிலவற்றுக்கு, "கேட்டதில்லம்மா, கேட்டிருக்கணும்" என்பார். அடுத்த பரிசோதனையில் அவளுக்கும் இல்லை என்று வந்தது.

இவ்வளவுக்கும் பிறகு மேஸ்திரியின் வயிறு முழுக்க அடங்கிவிடவில்லை. ஒன்பது வருட மாத்திரை அரித்த புண் ஒரு பருவத்தில் ஆறாது என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். வேலை நீண்டு சாப்பாடு தள்ளிப்போன ஒரு சனிக்கிழமை, வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு மேஜைக்கு வந்தார். மகள் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பழைய வழக்கம் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினார்.

"இன்னைக்கு எரியுதும்மா," என்றார்.

அவள் தட்டை வைத்துவிட்டு அவர் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"எங்கப்பா? எப்போலேர்ந்து?"

"மத்தியானத்துலேர்ந்து," என்று சொல்லி, மேஸ்திரி சட்டைக்கு மேல் விரலை வைத்து இடத்தைக் காட்டினார்.